எஸ் என்றால் ஒத்துக்காது

ஊரில் எனக்குச் சந்தேகப் பிராணி என்று பேர். இருக்கட்டும். பால் சொசைட்டியில் டெஸ்டராக இருக்கிறவள் சந்தேகப்படாமல் உட்கார்ந்திருந்தால் கேனில் பால் வராது, கிணற்றுத் தண்ணீர்தான் வரும். காலையும் மாலையும் என் முன்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் தெரிந்த முகங்கள். பாலில் கருவியை விட்டு அது எங்கே மிதக்கிறது என்று பார்த்து முடிக்கும்வரை நான் யாரையும் பார்த்துச் சிரிக்க மாட்டேன். "தண்ணி ஊத்தலக்கா, மாடு தண்ணி ரொம்ப குட்ச்சிருச்சு" என்று கூசாமல் சொன்னவர்கள் உண்டு. வருஷக்கணக்காக இதையே கேட்டதில், உண்மை பேசுகிறவர்களின் முகம் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது. என் வீட்டுக்காரர் அதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார். "கல்யாண போட்டோல கூட எனக்குள்ள கருவி வுட்டு பாக்குற மாரியே கீறம்மே நீ" என்பார்.

அவர் கூலிக்குப் பவர் டில்லர் ஓட்டுகிறவர். மிஷின் வேறொருவருடையது, கால்கள் மட்டும் இவருடையவை. சேற்றில் அந்த மிஷினுக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும். போன சம்பா நடவுக்கு முன்னால், மாகறல் பக்கம் ஆற்றங்கரை வயல் ஒன்றில் சேறு கலக்கிச் சேடை ஓட்டிக்கொண்டிருந்தபோது இரும்புச் சக்கரத்தின் பட்டை அவருடைய வலது பாதத்தின் மேல்பக்கத்தைக் கிழித்துவிட்டது. மனுஷன் வாய்க்கால் தண்ணீரிலேயே காலைக் கழுவி, துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, மிச்ச வயலையும் ஓட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.

மறுநாள் ஒரு டிடி ஊசி. அதற்குப் பிறகு மெடிக்கல் ஷாப்பில் ஒரு செட். எங்கள் பக்கத்தில் செட் என்றால் எல்லாருக்கும் தெரியும். என்ன வலி என்று சொன்னால் போதும், கடைக்காரர் நாலைந்து டப்பாவிலிருந்து கலர் கலராக மாத்திரைகளைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துத் தருவார். எப்போதும் பெயர் அச்சடித்த பக்கம் கடையில் தங்கிவிடும், பெயர் இல்லாத பக்கம் நம் கைக்கு வரும். இது என்ன மாத்திரை என்று கேட்டேன். "காயம் ஆற்றதும்மா" என்றார். மேற்கொண்டு கேட்டதற்கு, நம்பிக்கை இல்லாவிட்டால் வேறு கடை பாருங்கள் என்றார். நம்பிக்கை இல்லைதான். ஆனால் வேறு கடைக்காரர் மட்டும் பெயரைக் காட்டிவிடப் போகிறாரா?

காயம் ஆறவில்லை. கடைக்காரர் மேல் இருந்த சந்தேகம் வீட்டுக்காரர் மேல் திரும்பியது. மாத்திரையை விழுங்குகிறாரா, ஜன்னல் வழியாக வீசுகிறாரா என்று குப்பையைக் கிளறிப் பார்த்தேன். காலி அட்டை கிடைத்தது. மாத்திரையை எடுத்துவிட்டு வெறும் அட்டையைப் போட்டிருக்கலாமே என்று அதன் பிறகும் தோன்றியது. என் புத்தி அப்படி.

உத்திரமேரூர் டாக்டர் ஒருவர் ஊசி போட்டார். வீக்கம் வடிந்து, திரும்ப ஏறியது. ஒருநாள் காலை கட்டைப் பிரித்தபோது ஒரு வாடை வந்தது. எந்தப் பால் கெட்டது என்று மூடியைத் திறப்பதற்கு முன்பே சொல்கிறவள் நான். இது பால் கெட்ட வாடை இல்லை, சதை அழுகுகிற வாடை. அன்றைக்கே அவருடைய அண்ணனையும் அழைத்துக்கொண்டு ஒரு ஆட்டோவில் காஞ்சிபுரம் கிளம்பினோம். ஓரிக்கை தாண்டும்போது வீட்டுக்காரர் கட்டைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம், "வலிக்கலம்மே, அதான் பயமா கீது" என்றார்.

நாங்கள் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு டாக்டரம்மா, சின்ன வயது, நடையும் பேச்சும் வேகம். காலைப் பார்த்ததும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "வீக்கம் கணுக்காலைத் தாண்டி மேல ஏறிச்சுன்னா பாதத்தை எடுக்க வேண்டி வரும்மா. முதல்ல சீழை எடுத்து லேப்ல வளர்த்துப் பார்க்கறோம். எந்த மருந்து கேக்கும்னு அப்பதான் தெரியும்." நர்ஸ் ஒரு பேனாவால் வீக்கத்துக்கு இரண்டு விரல் மேலே, கணுக்காலில், எல்லையாக ஒரு கோடு போட்டார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதம் போனால் டில்லருக்குப் பின்னால் யார் நடப்பது? பிறந்ததிலிருந்து வயலில் நடந்ததைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. அதைவிட, அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

ரிப்போர்ட் வந்த காலையில் டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற அவசரத்தில் இருந்தார். நின்றபடியே படித்தார், முகம் மாறியது. "இவர் முன்னாடி எங்க அட்மிட் ஆகியிருந்தார்? இந்த மருந்தெல்லாம் யார் போட்டாங்க?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை, கடை மாத்திரையும் உத்திரமேரூர் டாக்டரின் ஊசியும்தான் என்றோம். "பெரிய ஆஸ்பத்திரில மாசக்கணக்கா படுத்தவங்களுக்குத்தான் பெரும்பாலும் இப்படி ரிப்போர்ட் வரும்" என்று முனகிக்கொண்டே புது ஊசி ஒன்றை எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போட்டுவிட்டுப் போன அந்த ஒரு கேள்வி எனக்குப் போதுமானதாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஒரு அறுவடை மிஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்தார். ஒரு சீசன் முழுக்க அங்கேதான். போன் எப்போதாவது வரும். திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தார். கேட்டதற்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் அப்போது தலையாட்டிவிட்டேன், ஆனால் அந்தச் சந்தேகத்தைத் தூக்கிப் போடவில்லை, பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது அது எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஆந்திராவில் ஏதோ ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். வெளியில் சொல்ல முடியாத வியாதி. அதனால்தான் ஒளிக்கிறார்.

இதற்குள் அவருடைய அண்ணன் ரிப்போர்ட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்திருந்தார். அவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி, எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் படிக்கிறவர் அவர் ஒருவர்தான். வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேரே ஆர், ஆர், ஆர் என்று போட்டிருந்தது. கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் எஸ். ஆர் என்றால் ரெசிஸ்டன்ட், எஸ் என்றால் சென்சிடிவ் என்று கீழே விளக்கமும் இருந்தது.

அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ரெசிஸ்டன்ட்னா எதிர்ப்பு சக்தி! கொரோனா டைம்ல டிவில டெய்லி இதத்தான சொல்லிக்கினு இருந்தானுங்க? கசாயம் குடி, எதிர்ப்பு சக்தி ஏறும்னு. டேய், உனுக்கு எல்லாத்துக்கும் எதிர்ப்பு சக்தி கீதுடா!"

"அப்ப இந்த எஸ்ஸு இன்னா மாமா?" என்றேன்.

"சென்சிடிவ். ஒத்துக்காதுன்னு அர்த்தம். எம் பொண்ணு மூஞ்சி சென்சிடிவ்னு டாக்டரு சோப்ப மாத்திக் குடுத்தாரே, அத்து."

மருந்துக்கடையிலிருந்து வாங்கி வந்திருந்த புது ஊசியின் பெட்டியை எடுத்து, அதிலிருந்த பெயரையும் ரிப்போர்ட்டிலிருந்த பெயரையும் விரல் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டார். எஸ் போட்டிருந்த அதே மருந்து. எத்தனையோ மருந்துகளுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கும்போது, ஒத்துக்காத அந்த ஒன்றைத் தேடிப்பிடித்து எழுதியிருக்கிறார் டாக்டர்! மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நர்ஸ் ஊசியோடு வந்தபோது என் வீட்டுக்காரர் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். "அது எனுக்கு ஒத்துக்காதுன்னு அதுலியே போட்டுக்கீது. வாணாம்." நர்ஸ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அண்ணன் ரிப்போர்ட்டைக் காட்டிச் சத்தம் போட்டார். கடைசியில், டாக்டர் வந்து பேசட்டும் என்று நர்ஸ் ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்த ஊசியைவிட ஆந்திராதான் பெரிதாக இருந்தது. அண்ணன் பக்கத்தில் நிற்கிறார் என்றும் பார்க்கவில்லை.

"அங்க இன்னா வியாதிக்கி ஊசி போட்டுக்கின?"

"எங்கம்மே?"

"தெரியாத மாரி கேக்காதய்யா. ஆந்திராவுல. எவ வூட்டுக்குப் போயி இன்னாத்த வாங்கியாந்த?"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர், "அங்க ஒரு தலவலி மாத்திர கூட போட்டுக்கல. நம்புனா நம்பு" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் எல்லாரும் தண்ணீர் ஊற்றியவர்கள்தான் என்பது என் அனுபவம். கால் பக்கம் பார்த்தேன். வீக்கம் பேனாக் கோட்டுக்கு ஒரு விரல் தூரத்தில் இருந்தது.

ரிப்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு தியேட்டர் வாசலில் போய் நின்றேன். டாக்டரம்மா வெளியே வந்ததும் வழியை மறித்துக்கொண்டேன். ஒத்துக்காத மருந்தை எழுதினது ஏன், இவருக்கு முன்னால் வந்தது என்ன வியாதி, இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நகரக் கூடாது என்றேன். யாரோ ஒருவருக்கு அறுத்துவிட்டுக் களைத்து வந்தவர் அவர். முதலில் கோபம் வந்தது, பிறகு "ஒத்துக்காதுன்னு யாரும்மா சொன்னது?" என்று கேட்டார். சொன்னேன். சிரிக்க ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். "ஐயோ, காலைலேர்ந்து ஊசி போடவே இல்லையா?"

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து என்னையும் உட்கார வைத்தார். "ஆர்னா எதிர்ப்பு சக்தி அவருக்கு இல்லம்மா, கிருமிக்கு. அந்த மருந்தையெல்லாம் எவ்வளவு ஏத்தினாலும் கிருமி அசையாது. எஸ்னா அதுக்கு கிருமி அடங்கும். அவர் உடம்பைப் பத்தி இதுல ஒரு எழுத்துகூட இல்ல. எல்லாம் கிருமியைப் பத்தினது."

கடைக்காரர், டாக்டர், புருஷன், குப்பைக் கூடை வரைக்கும் சந்தேகப்பட்ட நான், அண்ணன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறுபேச்சு இல்லாமல் விழுங்கியிருக்கிறேன். நல்ல செய்தி என்றால் கருவி விட்டுப் பார்க்க எனக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. ஆனாலும் இரண்டாவது கேள்வியை நான் விடவில்லை.

"சரி டாக்டர், கிருமிக்கே இருக்கட்டும். கட மாத்திரயும் ஒரு ஊசியும் தவிர மருந்தே போட்டுக்காத ஆளு ஒடம்புல கீற கிருமி, இத்தினி மருந்த எதுக்கறதுக்கு எங்க கத்துக்கிச்சு? அவுரு எதியோ ஒளிக்கறாரு."

"அவர் ஒளிக்கலம்மா. நானும் காலைல அவசரத்துல அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அது தானா கத்துக்கணும்னு அவசியமே இல்ல. இன்னொரு கிருமி கொடுத்துடும்."

இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் நீட்டி ஒன்றையொன்று தொட வைத்துக் காட்டினார். ஒரு கிருமி நூல்மாதிரி ஒரு குழாயை நீட்டி இன்னொன்றைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்துக்கொள்ளுமாம். அதனிடம் டிஎன்ஏவில் சின்னதாக ஒரு வளையம் இருக்கும். மருந்தை எப்படி முறிப்பது, உள்ளே வந்த மருந்தை எப்படி வெளியே தள்ளுவது என்கிற வித்தையெல்லாம் அதில் இருக்கும். ஒரே வளையத்தில் பல மருந்துகளுக்கான வித்தை சேர்ந்தே இருப்பதும் உண்டு. தொட்டுக்கொண்டிருக்கும்போதே அதை நகல் எடுத்து மற்றதற்குக் கொடுத்துவிடும், தன்னிடமும் ஒன்று வைத்துக்கொள்ளும். வாங்கிக்கொண்ட கிருமி, ஆயுசில் அந்த மருந்தைப் பார்த்தே இருக்காது. ஆனாலும் பயப்படாது.

"தயிருக்கு ஒற ஊத்தற மாரியா?" என்றேன். எனக்குத் தெரிந்த கிருமி அதுதான்.

யோசித்துவிட்டு இல்லை என்றார். "உறை ஊத்தினா அந்தக் கிருமிதான் பெருகும். இதுல பால் பாலாவே இருக்கும், ஆனா உறையோட குணம் மட்டும் அதுக்கு வந்துடும். கொடுக்கறதும் வாங்கறதும் ஒரே இனமா இருக்கணும்னுகூட இல்லம்மா. வயித்துல சாதுவா இருக்கற கிருமி, காயத்துல வந்த வேற இனத்துக்குக் கொடுக்கும்."

இது என்னை என்னவோ செய்தது. நான் காலனிக்காரி. டெஸ்டர் வேலை எனக்குக் கிடைத்தபோது, இவள் தொட்ட கருவியை எங்கள் பாலில் விடுவதா என்று ஊர்ப் பக்கம் முணுமுணுத்தவர்கள் உண்டு. நடுவில் ஒரே ஒரு தார்ச்சாலைதான், அதைத் தாண்டி ஒரு சொம்புத் தண்ணீர் கைமாற இன்றைக்கும் யோசிப்பார்கள். இந்தக் கிருமிகள் யாரிடமும் எதையும் கேட்காமல் தொட்டுக்கொண்டு கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கின்றன. சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பயம்தான் அதிகமாக இருந்தது.

"எங்க வச்சி குடுத்துருக்கும்?" என்று கேட்டேன். இடம் தெரிந்தால் போய்ச் சண்டை போடலாம் என்று இருந்தது.

"சேத்துல, சாக்கடைல, மாட்டு வயித்துல, நம்ம வயித்துல. இந்த வார்டுலகூட. எங்கேன்னு என்னால சொல்ல முடியாது."

அவர் கால் கிழிந்த அந்த வயலுக்குக் கோழிப்பண்ணை எரு அடிப்பார்கள். வாய்க்காலில் ஊர்ச் சாக்கடையும் கலக்கும். மடிநோய் வந்த மாட்டுக்கு ஆளாளுக்குத் தாங்களே ஊசி போட்டுவிட்டு அன்றைக்கே பாலையும் கொண்டுவந்து ஊற்றுவார்கள். அந்தப் பால் சரியாக உறையாது, எங்களுக்குத் தெரியும். பாலில் இருக்கிற மருந்து உறையைக் கொல்கிறது என்று மட்டும் நினைத்திருந்தேன். சாகாமல் தப்பித்த கிருமி தொழுவத்தில் யாரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. இத்தனை வருஷம் சந்தேகப்பட்டும், சந்தேகப்பட வேண்டிய இடத்தில் நான் நிற்கவே இல்லையே என்று ஆத்திரமாக வந்தது. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது, ஆனால் பிடிக்க ஆள் இல்லை.

வார்டுக்கு வேகமாகத் திரும்பினேன். அண்ணன் வாசலிலேயே, "இன்னா சொன்னாங்க? கேஸ் போட்ருவோமா?" என்றார். நான் அவரைத் தாண்டிப் போனேன். என் வீட்டுக்காரர் இன்னமும் சுவரைப் பார்த்துத்தான் படுத்திருந்தார். பின்னாலேயே நர்ஸ் ட்ரேயோடு வந்து நின்றார். ஆர், எஸ், நூல், வளையம் என்று எல்லாம் தொண்டை வரைக்கும் இருந்தது. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "போட்டுக்கோய்யா" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போர்வையை விலக்கிக் கையை நீட்டினார்.

அன்று மாலை வீக்கம் பேனாக் கோட்டைத் தொட்டது. மறுநாளும் அங்கேயே நின்றது. அதற்குப் பிறகு கோட்டுக்கும் வீக்கத்துக்கும் நடுவில் சுருங்கின தோல் தெரிய ஆரம்பித்தது. கறுத்துப்போன சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் எடுத்தார்கள், பாதம் தப்பியது. கிருமி மற்றவர்களுக்குப் போகாமலிருக்க எங்களை ஒரு ஓரத்துக் கட்டிலுக்கு மாற்றினார்கள். கையுறை இல்லாமல் யாரும் காயத்தைத் தொடுவதில்லை. நான் ஒவ்வொரு தடவையும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவின கையை மோந்து பார்த்தேன். வாடை இல்லாததை எந்த மூக்கால் கண்டுபிடிப்பது? காயம் மூடும்வரை சொசைட்டிப் பக்கமே போகவில்லை. ஊரில் என்னை எத்தனையோ பேர் சந்தேகமாகப் பார்த்திருக்கிறார்கள், நானே என்னை அப்படிப் பார்த்தது அந்த மாதத்தில்தான்.

ஆந்திரா விஷயத்தை இரண்டு பேரும் எடுக்கவே இல்லை. நூல், வளையம் கதையை மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் சாவகாசமாக அவருக்குச் சொன்னேன். காலை நீட்டி உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்.

கட்டுப் பிரித்து, பட்டி வைத்த புதுச் செருப்பு மாட்டி அவர் நடந்து பழகிக்கொண்டிருந்த காலை. விரல் இல்லாத பக்கம் லேசாகச் சாய்கிறது, ஆனால் நடக்கிறார். சாலை வரை போய்விட்டு வந்து வாசலில் நின்றார். நான் நாஷ்டாவுக்குத் தட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த டாக்டரம்மா கிருமி கதய சொல்லாம போயிருந்தா, நீ என்னிய நம்பியிருப்பியாம்மே?"

நம்பியிருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய்யைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாக இருக்கிறவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"மாட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அது தெரிந்துதான் கேட்டிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து, மெதுவாகச் செருப்பைக் கழற்றினார்.

"நீ வந்து போட்டுக்கோன்னு சொன்னப்ப, எனுக்கு அந்த எஸ்ஸுன்னா சாவுன்னுதான் நெனப்பு" என்றார். "நீ சொன்ன, கைய நீட்டிட்டேன்."